கற்பிப்பதற்கென அமைந்த பூங்காவில் புதிய கேளிக்கை: பொருத்தத்தை மதிப்பிடுவது எப்படி?

காவிரிப் படுகையில் ஏதேனும் ஒன்றைக் கற்பிப்பதற்கென்றே அமைக்கப்பட்ட பொது இடங்கள் சில இருக்கின்றன. பூம்புகாரில் சிலப்பதிகாரக் கலைக்கூடம் இருக்கிறது. திருச்சியில் அண்ணா அறிவியல் மையக் கோளரங்கமும், ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே 2015இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் இருக்கின்றன. இப்படிப்பட்ட இடங்களில் ராட்டினம், இசை நீரூற்று, ஒலி-ஒளிக் காட்சி, கண்ணில் அணியும் மெய்நிகர்க் (விஆர்) கண்ணாடி என்று புதிதாக ஏதேனும் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தால் ஊர் இரண்டாகப் பிரிந்து வாதிடும். பிள்ளைகள் வந்தால்தானே கற்றுக்கொள்வார்கள் என்பது ஒரு தரப்பு. இடத்தின் நோக்கமே கெட்டுவிட்டது என்பது மற்றொரு தரப்பு. எதைக் கொண்டு அளக்கிறோம் என்பதை இரண்டு தரப்பும் சொல்வதில்லை. ஆசிரியர்களும் உள்ளாட்சி உறுப்பினர்களும் பெற்றோரும் தாங்களே செய்து பார்க்கக்கூடிய ஒரு மதிப்பீட்டு முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த இடத்தின் தொடக்க நோக்கத்தை எழுத்தில் கண்டுபிடிக்க வேண்டும். திறப்பு விழாக் கல்வெட்டு, நகர்மன்றத் தீர்மானம், அரசாணை, திட்ட அறிக்கை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் அது இருக்கும். நேரில் கேட்டுக் கிடைக்காவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ், உரிய துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பிக்கலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் அவர் பதில் தர வேண்டும். இந்தப் படியைச் செய்யாமல் விடுபவர்களே பெரும்பாலும் வீண் சண்டையில் இறங்குகிறார்கள். தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்கா 1870களில் நகராட்சியால் மக்கள் இளைப்பாறுவதற்கென உருவாக்கப்பட்டது. அங்கே சிறுவர் ரயில் விட்டால் அதைக் கல்வி நோக்கத்துக்கு எதிரானது என்று குறை சொல்ல இடமில்லை. 1970களில் எழுந்த பூம்புகார்க் கலைக்கூடத்தின் நிலை வேறு. ஏழு நிலை மாடமும், கண்ணகி கதையை வரிசையாகச் சொல்லும் சிற்பங்களுமாக அந்தக் கட்டடமே ஒரு பாடமாக அமைந்திருப்பதால், அதன் வளாகத்தில் எது வந்தாலும் கடுமையான அளவுகோலால் அளக்க வேண்டியிருக்கிறது.

எந்தத் தொடக்கம் என்ற கேள்வியையும் இங்கேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள எப்காட் பூங்கா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வால்ட் டிஸ்னி 1966இல் விளக்கிய திட்டத்தில் அது மக்கள் குடியிருந்து வாழும் ஒரு முன்மாதிரி நகரம். அவர் அதே ஆண்டு டிசம்பரில் இறந்துவிட்டார். 1982 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டபோது அது ஆற்றல், நிலம், போக்குவரத்து, தகவல் தொடர்பு ஆகியவற்றை விளக்கும் கூடங்கள் ஒரு பக்கமும், பல நாடுகளின் பண்பாட்டைக் காட்டும் கூடங்கள் இன்னொரு பக்கமுமாக மாறியிருந்தது. 1966ஐக் கொண்டு அளந்தால் 1982இல் திறந்த பூங்காவே விலகல்தான். ஆகவே எந்த ஆண்டின், எந்த ஆவணத்தின் நோக்கத்தை அடிப்படையாகக் கொள்கிறோம் என்பதை மதிப்பீட்டின் முதல் வரியிலேயே எழுதிவிடுவது நல்லது.

அடுத்து, அந்த நோக்கத்தை வினைச்சொல் உள்ள ஒரே வாக்கியமாக எழுத வேண்டும். ‘காவிரி’ என்பது வெறும் தலைப்பு. அதன் கீழ் எதை வேண்டுமானாலும் நுழைத்துவிடலாம், நீர்ச்சறுக்கு விளையாட்டைக்கூட. ‘மேலிருந்து வரும் தண்ணீர் கல்லணையில் எப்படிப் பிரிந்து கடைமடை வரை போகிறது என்பதைப் பார்வையாளர் புரிந்துகொள்ள வேண்டும்’ என்று எழுதினால்தான் அது ஒரு நோக்கம். அப்படி எழுதிய பிறகு, முன்மொழியப்பட்ட பொருள் அந்த வாக்கியத்தின் வினையை நிறைவேற்றுகிறதா என்று கேட்க முடியும்.

இனி முதன்மையான சோதனைக்கு வருவோம். புதிய அமைப்பின் மேல் உள்ள பெயர்ப்பலகை, ஒட்டிய படங்கள், பதிவு செய்யப்பட்ட வருணனை ஆகிய அனைத்தையும் மனத்தளவில் நீக்கிவிட்டு, மிச்சமிருக்கும் இயக்கம் மட்டும் எதைக் கற்பிக்கிறது என்று பார்க்க வேண்டும். எப்காட்டில் நிலம் பற்றிய கூடத்தில் ஒரு படகுச் சவாரி உண்டு. உண்மையாகவே பயிர்கள் வளரும் பசுமைக் குடில்களுக்குள் அந்தப் படகு செல்கிறது. வருணனையை நிறுத்திவிட்டாலும், மண் இல்லாமல் செடி வளர்வதையும், வேர் காற்றில் தொங்குவதையும் பார்வையாளர் கண்ணால் காண்கிறார். அந்தச் சவாரியே பாடம். அதே பூங்காவில் ஆற்றல் பற்றிய கூடம் 1982 முதல் 2017 வரை இயங்கி மூடப்பட்டது. அதன் இடத்தில் 2022 மே மாதம் விண்வெளி நாயகர்களைப் பற்றிய திரைப்படக் கதையைக் கொண்ட ஒரு ரோலர் கோஸ்டர் திறக்கப்பட்டது. பொறியியலில் அது திறமையான படைப்பு. வேற்றுக் கிரகம் ஒன்றின் காட்சிக்கூடம் என்று கதையளவில் ஒரு காரணமும் அதற்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கதையை எடுத்துவிட்டால் வேகமும் சுழற்சியும் இசையும்தான் மிஞ்சுகின்றன. ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அந்த இடத்தில் இன்று விடை இல்லை. என் கணிப்பில் அது பொருந்தாது.

இதிலிருந்து, திரைப்படப் பாத்திரம் வந்தாலே பொருத்தம் போய்விடும் என்ற முடிவுக்குத் தாவிவிடக் கூடாது. இந்தத் தவறைப் படித்தவர்களே அதிகம் செய்கிறார்கள். எப்காட்டின் கடல் கூடம் 1986இல் திறக்கப்பட்டது. 2007இல் அதற்குள் ஓர் அனிமேஷன் படத்தின் மீன் பாத்திரங்கள் புகுந்தன. ஆயினும் சுமார் 2 கோடி லிட்டர் கொள்ளும் கடல்நீர்த் தொட்டியும், அதில் வாழும் உயிரினங்களும் அங்கேயே தொடர்கின்றன. பாத்திரங்களைக் காண ஓடிவரும் குழந்தை இறுதியில் உண்மையான கடல் உயிர்களின் முன்னால் வந்து நிற்கிறது. 2023இல் திறக்கப்பட்ட ‘ஜர்னி ஆஃப் வாட்டர்’ என்னும் நடைபாதையும் ஒரு படத்தைத் தழுவியதே. எனினும் ஓடையாக, மழையாக, கடலாக நீர் மாறிச் செல்லும் சுழற்சியை அதில் நடந்தும் தொட்டும் அறிய முடிகிறது. நார்வே கூடத்தில் நடந்ததோ இதற்கு நேர்மாறானது: அந்நாட்டின் கடலோடிகளையும் நாட்டுப்புறக் கதைகளையும் காட்டிய படகுச் சவாரி 2014இல் நிறுத்தப்பட்டு, 2016இல் கற்பனை நாடு ஒன்றின் திரைப்படக் கதை அதே கால்வாயில் வந்தது. மூன்றிலும் திரைப்படம் இருக்கிறது. முதல் இரண்டிலும் கற்க வேண்டிய பொருள் உயிரோடு இருக்கிறது. மூன்றாவதில் அது இடம்பெயர்ந்துவிட்டது.

நம் ஊருக்கு இந்தச் சோதனையைக் கொண்டுவந்து பார்ப்போம். கல்லணை அருகே உள்ள பூங்கா ஒன்றுக்கு இரண்டு முன்மொழிவுகள் வருவதாகக் கொள்வோம். ஒன்று, கரிகாலன் புகழ் பாடும் பாட்டுக்கு ஏற்ப ஆடும் இசை நீரூற்று. மற்றொன்று, காவிரி, வெண்ணாறு, புது ஆறு எனப்படும் கல்லணைக் கால்வாய், வெள்ளம் மிகும்போது திறந்துவிடும் கொள்ளிடம் ஆகிய நான்கையும் இடுப்பளவு உயரத்தில் சிமென்ட் வாய்க்கால்களாகக் கட்டி, ஒவ்வொன்றின் தலைப்பிலும் பிள்ளைகளே ஏற்றி இறக்கும் சிறு ஷட்டர் வைப்பது. முதலாவதில் கரிகாலன் பாட்டில் மட்டும் இருக்கிறான். பாட்டை மாற்றினால் அந்த நீரூற்று எந்த ஊருக்கும் பொருந்தும். இரண்டாவதில் தலைமடையில் நிற்கும் பிள்ளை தன் ஷட்டரை முழுவதும் தூக்கினால் கடைமடையில் நிற்கும் பிள்ளையின் பாத்தி காய்கிறது. இருவரும் பேசி முறை வைத்துக்கொண்டால் மட்டுமே நான்கு பாத்தியும் நனைகிறது. எந்தத் தகவல் பலகையும் இல்லாமலே முறைப்பாசனம் விளங்கிவிடுகிறது. ஆரவாரத்துக்கும் குறைவிருக்காது, உடை நனையும் மகிழ்ச்சியும் உண்டு. கல்வியும் கேளிக்கையும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணமே இந்த விவாதத்தில் நம்மைப் பல காலமாகத் தவறாக வழிநடத்துகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பூம்புகாருக்கு இந்த வழியில் செல்வம் நிறைய இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே வந்த குதிரைகளையும், அங்கே வந்து சேர்ந்த மிளகு மூட்டைகளையும், மலைகளிலிருந்து வந்த பொன்னையும் சந்தனத்தையும், தென்கடல் முத்தையும் பட்டினப்பாலை பட்டியலிடுகிறது. சுங்கம் கொள்வோர் பண்டங்களில் புலி முத்திரை பொறித்ததையும் சொல்கிறது. கீழையூரில் நடந்த அகழாய்வில் செங்கல்லால் கட்டிய படகுத்துறை வெளிப்பட்டிருக்கிறது. படகில் ஏறி அப்படி ஒரு துறைக்கு வந்து, மூட்டையை நிறுத்து, அதன்மேல் புலி முத்திரை குத்திக் கரை சேர்க்கும் ஒரு விளையாட்டுச் சவாரி அங்கே முழுமையாகப் பொருந்தும். கடலில் மூழ்கிய நகரத்தை மெய்நிகர்க் கண்ணாடியில் காட்டும் திட்டத்துக்குக் கூடுதலாக ஒரு கேள்வி தேவைப்படுகிறது: திரையில் தெரிவதில் எது அகழாய்விலும் கடலாய்விலும் கிடைத்தது, எது இலக்கியத்தில் உள்ளது, எது ஓவியரின் கற்பனை என்பதைப் பார்வையாளர் பிரித்தறிய வழி செய்திருக்கிறார்களா? நிறத்தாலோ குரலாலோ அந்த வேறுபாட்டைக் காட்டுவது கடினமான வேலை இல்லை. அதைச் செய்ய மறுக்கும் திட்டத்தை, எவ்வளவு அழகாக இருந்தாலும், ஏற்கக் கூடாது.

வருவதைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், அதனால் போவதையும் கணக்கிட வேண்டும். வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் பெரிய வண்ணத்துப்பூச்சிச் சிலை ஒன்றைப் படமெடுத்துக்கொள்வதற்காக வைத்தால், அது கற்பிக்காவிட்டாலும் கெடுக்காது. ஆனால் அந்தச் சிலைக்காக எருக்கஞ்செடிகளை அகற்றினால், அவற்றில் முட்டையிடும் வெந்தய வரியன் அங்கிருந்து போய்விடும்; அதன் புழுவைக் காட்டிப் பாடம் நடத்திய ஆசிரியருக்குக் காட்ட எதுவும் இருக்காது. மாலைக்குப் பிறகு வலுவான விளக்கொளியில் நடத்தும் காட்சியும், இரவில் இலைகளில் ஒடுங்கி ஓய்வெடுக்கும் பூச்சிகளின் இடத்தைத் தொந்தரவு செய்வதால், அதே வகையில் சேரும். இடம், நிழல், அமைதி, பராமரிப்புப் பணம், பணியாளரின் நேரம் ஆகிய ஒவ்வொன்றும் எதிலிருந்து எடுக்கப்படுகிறது என்று திட்ட அறிக்கையில் தேடிப் பாருங்கள். கட்டண அமைப்பையும் பார்க்க வேண்டும். புதிய சவாரிக்கு நேராகச் செல்லும் தனிச்சீட்டு இருந்தால், மூலக் காட்சிக்கூடம் மெல்ல ஆளற்றுப் போகும்.

ஏற்கெனவே திறந்துவிட்ட அமைப்பாக இருந்தால் வெளியேறும் வாயிலில் நின்று பிள்ளைகளிடம் கேட்பதே சிறந்த வழி. ‘பிடித்திருந்ததா?’ என்று கேட்டால் எல்லாரும் ஆம் என்பார்கள். ‘உள்ளே என்ன நடந்தது, சொல்லேன்’ என்று கேட்டு, அவர்கள் சொல்லும் சொற்களை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். பள்ளிக் குழுவோடு வந்தவர்களையும் குடும்பத்தோடு வந்தவர்களையும் தனித்தனியாகக் கேட்பது நல்லது. ஆசிரியர் வழியில் சொல்லிக்கொடுத்ததும் சவாரி கற்பித்ததும் அப்போதுதான் பிரிந்து தெரியும். தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட இடங்களுக்கு, ஆற்றில் நீர் ஓடும் சம்பாக் காலத்தில் ஒரு முறையும், மணல் மட்டுமே தெரியும் கோடையில் ஒரு முறையும் செல்ல வேண்டும். கோடையில் பூட்டிக் கிடக்கும் அமைப்பு பொருத்தமானதாக இருந்தாலும் பயனில்லை.

தீர்ப்பை ஏற்பு, மறுப்பு என்று இரண்டாகச் சுருக்க வேண்டாம். மாற்றங்களோடு ஏற்கலாம், அதே ஊரில் வேறு இடத்துக்குப் பரிந்துரைக்கலாம். இசை நீரூற்றைக் கல்லணைப் பாடத்துக்குள் திணிப்பதைவிட நகரின் பொழுதுபோக்குப் பூங்காவில் வைப்பது அந்த நீரூற்றுக்கும் நியாயம் செய்வதாகும். நிர்வாகம் நோக்கத்தையே மாற்ற விரும்பினால் அதையும் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் மன்றத்தில் வெளிப்படையாகத் தீர்மானம் நிறைவேற்றி மாற்றட்டும் என்று கேளுங்கள். பழைய பெயர்ப்பலகையை வைத்துக்கொண்டு புதிய நோக்கத்தை நடத்துவதைத்தான் ஏற்க முடியாது.

மனு ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். எடுத்துக்கொண்ட ஆவணத்தின் பெயரும் ஆண்டும், ஒரு வாக்கிய நோக்கம், பலகையை நீக்கிப் பார்த்த சோதனையின் முடிவு, இழக்கப்படும் பொருள்கள், கோரும் மாற்றம் என்ற வரிசையில் எழுதி, ஒப்பந்தப்புள்ளி கோரப்படும் முன்பே ஆணையரிடமோ செயல் அலுவலரிடமோ கொடுத்து ஒப்புகை பெறுங்கள். ஊராட்சிப் பகுதியானால் கிராம சபையில் வைக்கலாம். ஒப்பந்தம் முடிந்துவிட்டிருந்தால் கட்டுமானத்தை எதிர்ப்பதில் காலத்தைச் செலவிடாமல், வருணனை வாசகம், காட்சிகளின் உள்ளடக்கம், வழிகாட்டிகளுக்கான பயிற்சி ஆகிய மூன்றில் மட்டும் மாற்றம் கேளுங்கள். திறப்பு விழாவுக்கு முந்தைய வாரம் வரை இவற்றைத் திருத்த முடியும்.