யூடியூப் கமெண்ட்ல இருந்து டெங்கு கேள்விகளைப் பிரிச்சு எடுக்கறது எப்படி? (பைத்தான் புதுசா கத்துக்கறவங்களுக்கு)

போன அக்டோபர்ல எங்க அக்கா பையனுக்கு டெங்கு. நாலாவது நாள் காய்ச்சல் விட்டுடுச்சு, வீட்ல எல்லாரும் அப்பாடான்னு உக்காந்தோம், சாயங்காலம் வயித்து வலின்னு சுருண்டு படுத்துட்டான். உடனே தூக்கிட்டு ஓடினோம், பொழைச்சான். டெங்குல காய்ச்சல் இறங்கற நேரம்தான், அதாவது மூணாவது நாள்ல இருந்து ஏழாவது நாளுக்குள்ள, ஆபத்தான கட்டமே வரும்னு டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்னிக்கு ராத்திரி ஆஸ்பத்திரி வராண்டால தூக்கம் வராம டெங்கு பத்தின தமிழ் வீடியோவா பாத்து கீழ கமெண்ட்ஸ படிச்சுட்டே இருந்தேன். "காய்ச்சல் விட்டுடுச்சு, ஆனா புள்ள சோர்ந்து கிடக்கு, பரவால்லயா"ங்கற மாதிரி கேள்விங்க வரிசையா இருக்கு, ஒண்ணுக்கும் பதில் இல்ல. அந்தக் கேள்விகளை மொத்தமா எடுத்து எங்க ஏரியா சுகாதார நர்ஸ் அக்காகிட்ட கொடுக்கணும்னு தோணுச்சு. அதை எப்படிப் பண்ணேங்கறதுதான் இந்தப் பதிவு.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இதை வச்சு எத்தனை பேருக்கு டெங்குன்னு கணக்கு போடாதீங்க. கூகுளே 2008-ல ஃப்ளூ ட்ரெண்ட்ஸ்னு ஆரம்பிச்சு, ஜனங்க என்ன தேடறாங்கங்கறத வச்சு ஃப்ளூவ கணிச்சாங்க. 2012-13 குளிர்காலத்துல அது அமெரிக்க சிடிசி (அந்த ஊர் அரசோட நோய்க் கட்டுப்பாட்டு மையம்) கணக்கைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு காட்டுச்சு, 2015-ல அந்த சேவையையே நிறுத்திட்டாங்க. டிவில நியூஸ் ஓடினாலே தேடலும் பேச்சும் ஏறிடும், நோய் ஏறணும்னு இல்ல. நோய் எங்க பரவுதுன்னு பாக்க ஐடிஎஸ்பியோட (மத்திய அரசோட நோய்க் கண்காணிப்புத் திட்டம்) வாராந்திர அவுட்பிரேக் ரிப்போர்ட் இருக்கு. கமெண்ட்ல கிடைக்கறது வேற: ஜனங்க என்ன தப்பா நம்பறாங்க, எங்க குழம்பறாங்க, எதுக்குப் பயப்படறாங்க.

ஸ்டெப் 1: ஏபிஐ கீ

கூகுள் கிளவுட் கன்சோல்ல ப்ராஜெக்ட் ஆரம்பிச்சு, யூடியூப் டேட்டா ஏபிஐ (நம்ம கோட் யூடியூப்கிட்ட நேரா தகவல் கேக்கற வழி) எனேபிள் பண்ணி, கீ (அதுக்கான ரகசியக் குறியீடு) எடுத்துக்கோங்க. ட்விட்டர் ஏன் இல்லன்னு கேப்பீங்க, 2023-ல ஃப்ரீ ஏபிஐய மூடிட்டாங்க, அதான். கோட் எழுத கூகுள் கோலாப் (பிரவுசர்லயே பைத்தான் ஓட்டற இடம்) போதும், லேப்டாப்ல பைத்தான் இன்ஸ்டால் பண்ணி மல்லுக்கட்ட வேண்டாம்.

ஸ்டெப் 2: வீடியோ லிஸ்ட்

தயவுசெஞ்சு ஏபிஐ மூலமா சர்ச் பண்ணாதீங்க. நான் பண்ணப்போ ஒரு நாளைக்கு 10,000 யூனிட் (ஏபிஐய எவ்ளோ பயன்படுத்தலாம்ங்கற அளவு) கொடுத்தாங்க, ஒரு சர்ச்சுக்கே 100 யூனிட் போயிடும், ஆனா ஒரு யூனிட்டுக்கு 100 கமெண்ட் வரைக்கும் இழுக்கலாம். அதனால வீடியோவ நீங்களே தேடிப் பாத்து ஐடிய கூகுள் ஷீட்ல போட்டு வைங்க. கையால தேர்ந்தெடுத்தா தேர்தல் காய்ச்சல், கிரிக்கெட் காய்ச்சல் வீடியோவெல்லாம் உள்ள வராதுங்கறது இன்னொரு லாபம்.

ஸ்டெப் 3: கமெண்ட்ட இழுத்ததும் பேரைத் தூக்குங்க

எழுதினவங்க பேரு, ஐடி, படம் எதையும் சேமிக்காதீங்க. குழந்தைக்கு உடம்பு சரியில்லைன்னு தவிச்சு எழுதினவங்க அவங்க, யாருன்னு நமக்குத் தெரியவே வேணாம். கமெண்ட், தேதி ரெண்டு போதும். அதையும் யூடியூப் ரூல் படி 30 நாளைக்கு மேல வச்சிருந்தா திரும்ப இழுத்துப் புதுப்பிக்கணும், இல்ல அழிக்கணும். நான் எண்ணிக்கைய மட்டும் வச்சுட்டு மீதிய அழிச்சுட்டேன்.

ஸ்டெப் 4: வார்த்தை பிரிக்கறது (ரெண்டு நாள் முழுங்கின இடம்)

சைக்கிட்-லேர்ன்ங்கற பைத்தான் லைப்ரரில, எந்த வார்த்தை எத்தனை தடவை வருதுன்னு எண்ண கவுண்ட்வெக்டரைசர்னு ஒண்ணு இருக்கு, எல்லா டுட்டோரியல்லயும் அதைத்தான் சொல்வாங்க. போட்டேன். மேல வந்த வார்த்தை "சல". டெங்கு இல்ல, கொசு இல்ல. டெங்கு வீடியோ கமெண்ட்ல டெங்குங்கற வார்த்தையே இல்லையாம்!

விஷயம் என்னன்னா, பைத்தானோட வழக்கமான ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வடிவத்த வச்சு வார்த்தையத் தேடற முறை) நம்ம கால், கொம்பு, புள்ளி இதையெல்லாம் எழுத்தாவே கணக்குல எடுக்காது. அங்கங்க வெட்டிடும். "காய்ச்சல்" வந்தா க, ய, ச, சல-ன்னு நாலு துண்டு. அப்பறம் ஒத்தை எழுத்தா இருக்கறத இந்த டூல் தூக்கிப் போட்டுடும், மிச்சம் "சல". "டெங்கு"ல ட, ங, க, மூணுமே ஒத்தை, மூணும் போச்சு. தீர்வு ரொம்ப சின்னது: முற்றுப்புள்ளி, கேள்விக்குறி, எமோஜிய எடுத்துட்டு இடைவெளிய வச்சு மட்டும் பிரிங்க.

அதுக்கப்பறமும் கொசுங்கற வார்த்தை கம்மியாவே வந்துச்சு. "கொ"வ ரெண்டு விதமா சேமிக்க முடியும், ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியா இருக்கலாம், இல்ல தனித்தனியா ரெண்டா இருக்கலாம். கண்ணுக்கு ஒண்ணுதான், கம்ப்யூட்டருக்கு ரெண்டு வேற வார்த்தை. எல்லாத்துக்கும் முன்னாடி யூனிகோட்டேட்டா மாட்யூல்ல என்எஃப்சி நார்மலைஸ் (ரெண்டு விதத்தையும் ஒரே விதமா மாத்தறது) ஒரு வரி போடுங்க, சரியாயிடும்.

தேடற வார்த்தையும் பாத்து வைக்கணும். நான் காய்ச்சலுக்கு, காய்ச்சலோட எல்லாம் சேத்துப் பிடிக்கணும்னு "காய்ச்ச"ன்னு வச்சேன், "நிலவேம்பு காய்ச்சி குடிங்க"ன்னு ஊரே வந்து நின்னுச்சு. "காய்ச்சல"ன்னு வைங்க, கூடவே காச்சல், ஜுரம், ஃபீவர், அப்பறம் ஆங்கில எழுத்துல தமிழ் அடிக்கறவங்க ஸ்பெல்லிங் எல்லாம் ஒரு லிஸ்ட்.

ஸ்டெப் 5: கையால லேபிள்

சென்டிமென்ட் அனாலிசிஸ் (கமெண்ட் நல்ல விதமா கெட்ட விதமான்னு கம்ப்யூட்டர் கணிக்கறது), வேர்ட் கிளவுட் (அதிகம் வந்த வார்த்தைய பெருசா காட்டற படம்) இதெல்லாம் வேண்டாம், படம் அழகா இருக்கும், நர்ஸ் அக்காவுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. 300 கமெண்ட் எடுத்து ரெண்டு பேர் தனித்தனியா படிங்க. சொந்த அனுபவமா, கேள்வியா, வைத்தியக் குறிப்பா, சும்மா பேச்சா? நானும் எங்க சொந்த அக்காவும் பண்ணோம். "எங்க தெருவுல எல்லாருக்கும் காய்ச்சல்"ங்கறத நான் பேச்சுன்னு போட்டேன், அக்கா அனுபவம்னு போட்டா. இப்படி முட்டிக்கிட்ட இடத்தையெல்லாம் உக்காந்து பேசி விதி எழுதி வச்சோம், அந்த விதிதான் அடுத்த 1,000 கமெண்ட்டுக்கு வழிகாட்டி.

கேள்விங்கள மட்டும் தனியா எடுத்தப்போ மூணு திரும்பத் திரும்ப வந்துச்சு. பப்பாளி இலைச் சாறு போதுமா, பிளேட்லெட் எவ்ளோ இருந்தா பயப்படணும், காய்ச்சல் விட்டுட்டா ஸ்கூல் அனுப்பலாமா. நர்ஸ் அக்கா மூணாவத பாத்துட்டு ஒரு பக்க நோட்டீஸ் எழுதிக் கொடுத்தாங்க: காய்ச்சல் விட்டாலும் கடும் வயித்து வலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம், புள்ள துவண்டு போறது, இதுல எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. ஆஸ்பிரின், ஐப்யூபுரூஃபன் நீங்களா கொடுக்காதீங்க. அங்கன்வாடி சுவத்துல இப்போ அதுதான் ஒட்டியிருக்கு.

அப்டேட்: ஷீட்ல சில வீடியோ ஐடி எரர் காட்டுதுன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. ஐடி கழித்தல் குறியில ஆரம்பிச்சா ஷீட் அதை ஃபார்முலான்னு நினைச்சுக்கும். ஒட்டறதுக்கு முன்னாடியே ஐடி போடற அந்த நெடுவரிசைய ப்ளைன் டெக்ஸ்ட்டா மாத்துங்க.

இன்னொரு அப்டேட்: தேதி ஒரு நாள் தள்ளி வருதுன்னு ஒரு தங்கச்சி கண்டுபிடிச்சாங்க, ரொம்ப நன்றிம்மா. யூடியூப் கொடுக்கறது யூடிசி (உலகப் பொது நேரம்) நேரம், நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி கூட்டணும். இல்லன்னா நடுராத்திரிக்கு மேல விடியக்காலம் அஞ்சரை வரைக்கும் எழுதினதெல்லாம் முந்தின நாள் கணக்குல போயிடும், புள்ளைக்குக் காய்ச்சல்னு முழிச்சிருக்கறவங்க அந்த நேரத்துலதான் நிறைய எழுதறாங்க.