துஃபாஹியா: ஆப்பிள் குழைந்தால் மீட்க வழியில்லை

தோல் சீவிய ஆப்பிளின் நடுவைக் குடைந்து, சர்க்கரைப் பாகில் வேகவைத்து, குழியில் வால்நட் பூரணம் நிரப்பி, தலையில் கிரீம் வைத்துக் குளிரக் குளிரத் தருவார்கள். போஸ்னியாவில் காபியோடு வரும் இந்த இனிப்பின் பெயர் துஃபாஹியா. ஒட்டோமான் காலத்தில் பால்கன் நாடுகளில் வேரூன்றியது. 'துஃபாஹ்' என்றால் அரபியில் ஆப்பிள். இதைச் செய்யும்போது வழக்கமாக நடக்கும் தவறுகள் கீழே. சர்க்கரை கூடியது, குறைந்தது எல்லாம் இங்கே வேண்டாம், நாக்கே சொல்லிவிடும்.

பாகைத் தளதளவெனக் கொதிக்கவிடுவது

புதிதாகச் செய்பவர்களில் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான். நல்ல பழம் வீணாவதைப் பார்க்கும்போது இன்னும் எரிச்சல் வருகிறது.

நடுத்தர அளவில் 6 ஆப்பிளுக்கு 1 லிட்டர் தண்ணீர், 400 கிராம் சர்க்கரை, 3 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. ஆப்பிள்கள் ஒரே அடுக்காக உட்காரும் அகலமான பாத்திரம் வேண்டும். சர்க்கரை கரைந்து பாகு ஒரு கொதி வந்ததும் தீயைக் குறைத்துவிட்டுத்தான் பழத்தைப் போட வேண்டும். அதன்பின் பாகு லேசாக நடுங்கினால் போதும்.

ஆப்பிள் மிதக்கும், அதன் கன அளவில் ஏறக்குறைய கால் பங்கு காற்று. மேல்பாதி பாகில் முங்காமல் வெள்ளையாக நிற்பதைப் பார்த்து, "இன்னும் வேகவில்லை" என்று தீயைக் கூட்டுவார்கள். அங்கேதான் கெடுகிறது. சதையின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் கொதியில் வேகமாகக் கரையும். வெளிச்சதை கரைந்து உதிரும்போதும் நடு பச்சையாகவே இருக்கும். தீயைத் தொடாதீர்கள். பேக்கிங் தாளை வட்டமாக வெட்டி, நடுவில் சிறு துளையிட்டுப் பழங்களின் மேல் படிய வையுங்கள். தாள் இல்லையென்றால் 3 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு கரண்டிகளால் புரட்டுங்கள். முள்கரண்டி ஆகாது, குத்திய இடத்தில் பிளக்கும்.

எலுமிச்சையைக் கடைசியில் பிழிவதும் இதே தவறின் இன்னொரு முகம். அது நிறத்துக்கு மட்டுமல்ல. புளிப்பு இருந்தால் பெக்டின் மெதுவாகத்தான் கரையும். ஆகவே முதலிலேயே சேருங்கள்.

அளவைப் பொறுத்து 10 முதல் 15 நிமிடம் ஆகும். மெல்லிய குச்சி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கினால் நேரம் தப்பிவிட்டது. நடுவில் கொஞ்சம் தடுக்கும்போதே எடுத்துத் தட்டில் வையுங்கள்; மிச்சத்தை உள்சூடு பார்த்துக்கொள்ளும். குழைந்த பழம் பூரணத்தின் எடையைத் தாங்காது.

எந்த ஆப்பிளும் ஆகும் என்று நினைப்பது

ஆகாது. கெட்டியான, புளிப்புள்ள கிரானி ஸ்மித் அல்லது ஐடாரெட் எடுங்கள். நாள்பட்டு மாவாகிப்போன பழம் பாகில் நிற்காது.

அடிவரை குடைவது

குழாய் போன்ற குடையும் கருவியை ஒரே அழுத்தாக அழுத்தினால் மறுபக்கம் வந்துவிடும், பூரணம் அடிவழியே ஒழுகும். முக்கால் ஆழத்தோடு நிறுத்தி, விதைகளைச் சிறு கரண்டியால் சுரண்டுங்கள். அடியில் 1 செ.மீ. சதை நிற்க வேண்டும்.

வால்நட்டை விழுதாக்குவது

மிக்சியை விட்டுவிட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓடினால் எண்ணெய் பிரிந்து பிசினாகும். 150 கிராம் வால்நட், 50 கிராம் சர்க்கரை, பிடித்தால் பிடிபடும் அளவுக்கு 3 அல்லது 4 மேசைக்கரண்டி வெதுவெதுப்பான பால். அரைக்கும் முன் ஒரு பருப்பைத் தின்று பாருங்கள். சிக்கு வாடை அடித்தால் சர்க்கரை அதை மறைக்காது.

சூட்டோடு நிரப்புவது

முழுக்க ஆறட்டும்.

கிரீமை முன்கூட்டியே வைப்பது

பரிமாறும்போது மட்டும்.

வேகவைத்த பாகைக் கொட்டிவிடுவது

ஆப்பிளின் மணமும் பெக்டினும் அதில்தான் இறங்கியிருக்கின்றன. பழத்தை எடுத்தபின் அதைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சுங்கள். அடுப்பில் சற்று நீர்த்திருப்பதாகத் தெரியும்போதே இறக்க வேண்டும். ஆறினால் இன்னும் இறுகும். ஆறிய பாகை நிரப்பிய ஆப்பிளைச் சுற்றி ஊற்றிக் குறைந்தது 3 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.