ஊர் மாறும்போது வாஷிங் மெஷின் அளவில் நடக்கும் தவறுகள்

டொராண்டோவில் மகள் வீட்டுக்குப் போய்வந்த அம்மாக்கள் அந்த வீட்டு வாஷிங் மெஷினைப் பற்றி இரண்டு கையையும் விரித்துச் சொல்வார்கள். லண்டனில் மகன் வீட்டுக்குப் போனவர்களுக்கு வேறு ஆச்சரியம்: மெஷின் சமையலறையில், பாத்திரம் கழுவும் சிங்க்குக்குப் பக்கத்தில் நிற்கிறது, அதுவும் சின்னதாக. இதைப் பார்த்துவிட்டு, கனடாக்காரர்கள் வசதியானவர்கள், லண்டன்காரர்கள் சிக்கனக்காரர்கள் என்று முடிவுகட்டுவதுதான் முதல் தவறு. மெஷினின் அளவுக்கும் வசதிக்கும் பெரிய தொடர்பில்லை. அதை எங்கே வைக்கிறார்கள், வெந்நீர் எங்கிருந்து வருகிறது, துணி எங்கே காய்கிறது என்பவைதான் அளவைத் தீர்மானிக்கின்றன.

ஐரோப்பியச் சமையலறை அலமாரிகள் பெரும்பாலும் 60 செ.மீ. அகலக் கணக்கில் செய்யப்படுபவை. மேடைக்கு அடியில் நுழைய வேண்டும் என்பதால் மெஷினும் 60 செ.மீ. அகலம், சுமார் 85 செ.மீ. உயரம். மேலே திறக்கிற மெஷினை மேடைக்கு அடியில் வைக்க முடியாது, அதனால் முன்பக்கம் கதவு. பிரிட்டனில் குளியலறையில் குளிக்கும் இடத்துக்கு அருகே சாதாரண பிளக் பாயின்ட் வைக்க விதி இடம் கொடுக்காது. தண்ணீரும் கரண்டும் சேர்ந்து கிடைக்கிற இடம் சமையலறைதான், மெஷினும் அங்கேயே போய்விட்டது. பிரான்சிலும் ஜெர்மனியிலும் அதே மெஷினைக் குளியலறையில் பார்க்கலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் துணி துவைக்கத் தனி அறையோ பேஸ்மென்ட்டோ இருக்கும். அங்கே வழக்கமான அகலம் 27 அங்குலம், அதாவது ஏறக்குறைய 69 செ.மீ. பக்கத்தில் அதே அகலத்தில் டிரையர் ஒன்று.

இரண்டாவது தவறு, எண்ணை அப்படியே ஒப்பிடுவது. நம் ஊரிலும் ஐரோப்பாவிலும் கிலோ கணக்கு. அமெரிக்காவில் டிரம்மின் கன அளவை கன அடியில் சொல்கிறார்கள். அங்கே சாதாரணமாகக் கிடைக்கும் 4.5 கன அடி மெஷினின் டிரம் சுமார் 127 லிட்டர். ஐரோப்பாவின் 8 கிலோ மெஷினில் டிரம் 60 லிட்டரை ஒட்டி இருக்கும். அமெரிக்கக் கடையில் ‘காம்பாக்ட்’ என்று ஓரமாக நிறுத்தியிருக்கும் 24 அங்குல மெஷின் 2.4 கன அடி, கிட்டத்தட்ட 68 லிட்டர். லண்டனில் அது ஒரு குடும்பத்துக்கான மெஷின். கன அடியைக் கிலோவாக்க இணையத்தில் கிடைக்கும் சூத்திரங்களை நம்பி வாங்க வேண்டாம். மெஷின் எந்த வகை, எந்த நாட்டு முறைப்படி சோதித்தது என்பதைப் பொறுத்து விடை மாறும்.

கிலோ என்று போட்டிருப்பதிலும் ஒரு சங்கதி உண்டு. அது காய்ந்த துணியின் எடை, அதுவும் காட்டன் புரோகிராமுக்கு மட்டும். அதே 8 கிலோ மெஷினில் சிந்தெடிக் துணி ஏறக்குறைய பாதிதான் போடலாம். கம்பளி என்றால் ஒன்றிரண்டு கிலோ. துவைத்து உலர்த்தியும் தரும் மெஷின்களில் துவைக்கும் கிலோ ஒன்று, உலர்த்தும் கிலோ அதைவிடக் குறைவு. பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பது முதல் எண்தான். முழுசாகத் திணித்துவிட்டு ‘காயவே இல்லை’ என்று புகார் சொல்பவர்களில் பாதிப்பேர் இந்த இரண்டாவது எண்ணைப் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

அப்புறம் நேரம். ஐரோப்பிய மெஷின் இரண்டு மூன்று மணி நேரம் ஓடுகிறதே, கெட்டுப்போய்விட்டதோ என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் உண்டு. அது குளிர்ந்த தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளேயே சூடாக்குகிறது. 230 வோல்ட் இருப்பதால் 2000 வாட் ஹீட்டரைத் தாங்கும். எகானமி புரோகிராமில் சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டுகிறார்கள், மின்சாரம் மிச்சம். அமெரிக்காவில் 120 வோல்ட், 15 ஆம்பியர் பிளக்கில் 1800 வாட்டுக்கு மேல் கிடைக்காது. அதனால் வீட்டுக் கீசரின் வெந்நீருக்கு மெஷினில் தனிக் குழாய் வைத்தார்கள், வேலை சீக்கிரம் முடிகிறது. வாரத்துக்கு ஒருநாள் எல்லாவற்றையும் மொத்தமாகப் போட்டு எடுக்கிற பழக்கத்துக்குப் பெரிய டிரம்மும் குறைந்த நேரமும்தான் தோது.

ஜப்பான் இந்தக் கணக்கு எதிலும் அடங்காது. சின்ன வீடு, அதனால் சின்ன மெஷின் என்று நினைத்தால் 10, 12 கிலோ மெஷின்கள் கடையில் வரிசையாக நிற்கும். அங்கே பல வீடுகளில் தினமும் துவைப்பார்கள். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 1.5 கிலோ என்று கணக்குப் போட்டு மெஷின் தேர்ந்தெடுப்பது வழக்கம். குளித்த தொட்டித் தண்ணீரைக் குழாய் போட்டு மெஷினுக்கு இழுக்கும் வசதியும் பல மாடல்களில் உண்டு. அங்கே அளந்து பார்க்க வேண்டியது கிலோவை அல்ல, தரையில் பதித்திருக்கும் பிளாஸ்டிக் தட்டை. பெரும்பாலும் 64 செ.மீ. சதுரமாக இருக்கும் அதற்குள் மெஷினின் கால்கள் உட்கார வேண்டும். குழாயின் உயரமும் இடிக்கும்.

அமெரிக்காவிலிருந்து திரும்பும்போது மெஷினைக் கண்டெய்னரில் ஏற்றிவிடலாம் என்ற யோசனையை அங்கேயே விட்டுவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், மின்சாரத்தின் அதிர்வெண்ணை, அதாவது அந்த ஊர் 60 ஹெர்ட்ஸை நம் ஊர் 50 ஆக்காது. தண்ணீர்க் குழாயின் மரையும் நம் ஊர் மரையும் சேராது. முறுக்கி ஏற்றினால் ஒழுகும்.

நம் ஊரில் நடக்கும் தவறு வேறு மாதிரி. எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு 9 கிலோ ஃப்ரன்ட் லோடு வாங்குகிறார்கள். அதில் ஒரே ஒரு பெட்ஷீட்டைப் போட்டால் ஒரு பக்கமாகச் சுருண்டு, எடை சமமாகாமல், பிழியாமலே நின்றுவிடும். ஐந்தரை மீட்டர் புடவை மற்ற துணிகளோடு முறுக்கிக்கொள்ளும். வலைப்பையில் மடித்துப் போடுவது நல்லது. மாடி வீட்டுக்காரர்கள் தண்ணீர் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். 10 மீட்டர் உயரத் தொட்டிதான் 1 பார் அழுத்தம் தரும். மொட்டை மாடித் தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் தளத்தில் 2, 3 மீட்டர்தான் கிடைக்கும், அதாவது 0.2 அல்லது 0.3 பார். மெஷின் கேட்கும் குறைந்தபட்ச அழுத்தம் கையேட்டில் இருக்கும்; பணம் கட்டுவதற்கு முன் அதைக் கேளுங்கள். செமி ஆட்டோமேட்டிக்கை ஏளனமாகப் பார்ப்பதும் சரியில்லை என்பேன். 2019-இல் சென்னையில் குழாய் வறண்டபோது, பக்கெட்டில் ஊற்றி, ஒரே சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை துவைக்க முடிந்தது அதில்தான்.

கடைசியாகக் கொடி. மெஷின் பெரிதாகி, பால்கனி அப்படியே இருந்தால் ஈரத்துணி நாற்காலி முதுகில்தான் காயும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பல குடியிருப்புகளில் வெளியே கொடி கட்டத் தடை இருந்தது. 2008-இல் அரசு அதை நீக்கியது. நமக்குத் தடை எதுவும் வேண்டாம், இடம்தான் இல்லை. இருக்கும் கொடியின் நீளத்தை அளந்து, ஒரு நடையில் எத்தனை புடவை, எத்தனை வேட்டி, எத்தனை துண்டு அதில் இடிக்காமல் காயும் என்று எண்ணிக்கொண்டு கடைக்குப் போனால், 6.5 கிலோவே போதும் என்று பல வீடுகளுக்குத் தெரிந்துவிடும்.