குரோமில் படியும் பனிக்கால உப்பு: குமரியிலிருந்து கனடா வருபவர்களுக்கு

ஆடிச் சாரல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருக்கிறது. குளச்சலுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். லீவில் வந்த நாளிலிருந்து தெருப் பிள்ளைகள் யாராவது வந்து, "அண்ணா, செப்டம்பரில் கனடாவுக்குக் கிளம்புகிறேன், என்னவெல்லாம் கொண்டு போகணும்?" என்று கேட்டபடி இருக்கிறார்கள். ஜாக்கெட், மசாலாப்பொடி, வாடகை வீடு, பேங்க் கணக்கு பற்றியெல்லாம் சொல்ல ஆள் நிறைய உண்டு. நான் சொல்லப்போவது காரைப் பற்றி. அதிலும் காரின் ஒரு சின்ன ஓரத்தைப் பற்றி.

போன கொஞ்ச நாளிலேயே ஒரு பழைய கார் வாங்குவீர்கள். வாங்கும்போது முன்பக்க கிரில்லும் ஜன்னலைச் சுற்றிய பட்டையும் கண்ணாடிபோல் மின்னும். முதல் குளிர்காலம் முடிந்து மார்ச்சில் பார்த்தால், அதே பட்டை யாரோ நீர்த்த சுண்ணாம்பைக் கையால் தடவிவிட்டதுபோல் மங்கலாக நிற்கும். தண்ணீர் அடித்தால் போய்விட்டதுபோல் தெரியும். காய்ந்ததும் அதே இடத்தில் அதே வெளுப்பு.

நாம் உப்புக்குப் புதியவர்கள் இல்லை. முட்டத்திலும் கடியபட்டணத்திலும் கடலைப் பார்த்த வீடுகளில் ஜன்னல் கம்பிக்கு எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் துரு வெளியே வந்து எட்டிப் பார்க்கும். பைக்கை இரண்டு நாள் துடைக்காமல் விட்டால் விரலில் உப்பு ஒட்டும். ஆனால் அது நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினால் போகிற உப்பு. அந்த நினைப்பில்தான் நானும் அங்கே முதல் வருடம் ஏமாந்தேன். அங்கே ரோட்டில் கொட்டும் சாதாரண உப்போடு வேறு சாதி உப்பும் சேர்ந்து வரும்.

அது என்ன என்பது குமரி மாவட்டத்து அடுக்களையிலேயே இருக்கிறது. மழைக்காலத்தில் மரவையில் போட்ட கல்லுப்பு கசிந்து, அடியில் தண்ணீர் கட்டி நிற்பதை எல்லாரும் பார்த்திருப்போம். சுத்தமான சோடியம் குளோரைடு அவ்வளவு எளிதாகக் கசியாது. அதோடு ஒட்டிக்கொண்டு வரும் மெக்னீசியம் குளோரைடுதான் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துத் தானே தண்ணீராகிவிடும். நம் குமரிப் புத்தளம் உப்பளத்துப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், உப்பு வாரிய பிறகு பாத்தியில் ஒரு கசப்புத் தண்ணீர் மிஞ்சும். அந்தக் கசப்பு பெரும்பாலும் இதனால்தான். நாம் இங்கே வேண்டாமென்று வடித்துவிடும் சரக்கை அங்கே காசு கொடுத்து வாங்கி ரோட்டில் தெளிக்கிறார்கள்.

காரணம் இருக்கிறது. சாதாரண உப்பு மைனஸ் 10 டிகிரி வரைக்கும்தான் ஐஸை உருப்படியாக உருக்கும். அதற்குக் கீழே குளிர் இறங்கினால் மெக்னீசியம் குளோரைடு வேண்டும். இன்னும் கீழே போனால் கால்சியம் குளோரைடு. பனி விழப்போகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே உப்புக் கரைசலை ரோட்டில் கோடுகோடாகத் தெளித்துவிட்டுப் போவார்கள். முன்னால் போகும் வண்டியின் டயர் அதைப் பொடிச்சாரலாக எழுப்பி உங்கள் கிரில்லில் அடிக்கும். மெக்னீசியமோ கால்சியமோ கலந்த கரைசல் லேசில் காயாது. ரோட்டுப் புகை, எண்ணெய், டயர் பொடி எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பிசினாக ஒட்டும். அதனால்தான் வெறும் தண்ணீருக்கு அசைவதில்லை.

குரோம் என்பது நாம் நினைக்கிற அளவுக்குத் தடிமனான கவசமும் இல்லை. அடியில் செம்பு, மேலே நிக்கல், அதற்கும் மேலே மெல்லிய குரோமியம் என்று முலாம் பூசுவார்கள். மேல் பூச்சு ஒரு மைக்ரானுக்கும் குறைவு. தலைமுடித் தடிமனில் நூற்றில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். மாஸ்கோவில் கால்சியம் குளோரைடு கலந்த ரோட்டுச் சேறு அப்படியே அப்பிக் கிடந்து இந்தக் குரோமியத்தையே கரைத்துவிடுகிறது என்று கண்டுபிடித்து, வாகனத் தொழிலில் அதற்கு 'ரஷ்யச் சேறு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அப்படிக் கரைந்து கறுத்துப்போன இடத்தை எந்தப் பாலிஷும் திரும்பக் கொண்டு வராது. வெளுப்பு நிலையில் இருக்கும்போதே கவனிக்க வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

சரி, கழுவுவதற்கு முன்னால் ஒரு வேலை. உங்கள் காரில் மின்னுவது எல்லாம் குரோம்தானா என்று பார்க்க வேண்டும். இதை விட்டதுதான் நான் செய்த பெரிய தப்பு.

நேற்று மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். ஒருகாலத்தில் டாக்ஸியாக ஓடிய அம்பாசடர் இன்னும் அவர் ஷெட்டில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. கூட வந்த பையனிடம் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கொடுத்து பம்பரில் வைக்கச் சொன்னேன். டக்கென்று பிடித்துக்கொண்டது. இழுத்து எடுக்கப் பலம் வேண்டியிருந்தது. அது இரும்பின் மேல் போட்ட முலாம். அப்புறம் வாசலில் நின்ற அவன் அண்ணனின் புதுக் காரின் கிரில்லில் வைத்தான். காந்தம் நழுவிக் கீழே விழுந்தது. விரலால் தட்டினால் 'டொக்' என்று பிளாஸ்டிக் சத்தம். "இது குரோம் இல்லையா அண்ணா?" என்றான். குரோம்தான், ஆனால் பிளாஸ்டிக்கின் மேல் பூசியது. இன்றைய கார்களில் கிரில், எழுத்துச் சின்னங்கள் எல்லாம் பெரும்பாலும் இந்த வகை. அங்கே போனால் பழைய கார்களிலும் சில பிக்கப் டிரக் பம்பர்களிலும்தான் இரும்புக் குரோமைப் பார்ப்பீர்கள்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. காந்தம் பிடிக்காது, தொட்டால் உலோகம்போல் சில்லென்று இருக்கும், முகம் பார்க்கும் பளபளப்பாக இல்லாமல் கொஞ்சம் பால் கலந்த மினுமினுப்பு. ஐரோப்பியக் கார்களில் ஜன்னலைச் சுற்றி இப்படி இருந்தால் அது பெரும்பாலும் அனோடைஸ் செய்த, அதாவது மின்சாரம் பாய்ச்சி மேலே மெல்லிய ஆக்சைடு படலம் ஏற்றிய அலுமினியம். இதற்கு அமிலமும் ஆகாது, காரமும் ஆகாது. நான் வாங்கிய இரண்டாவது காரில் இதைக் குரோம் என்று நினைத்து வினிகரை ஊற்றி ஊறவைத்துவிட்டுச் சாயா குடிக்கப் போனேன். திரும்பி வந்து துடைத்தால் வெளுப்பு போகவில்லை, கூடியிருந்தது. திட்டுத்திட்டாக, தேமல் மாதிரி. ஆக, சந்தேகமாக இருந்தால் அலுமினியம் என்றே வைத்துக்கொண்டு மென்மையான கார் ஷாம்புவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதையும் மீறிக் கறை நின்றால் அலுமினியப் பட்டைக்கென்றே விற்கும் கிளீனரை ஒரு மூலையில் போட்டுப் பார்த்துவிட்டுத் தொடரலாம்.

குரோம் என்று உறுதியானால் வேலை எளிது. வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேலே ஏறுகிற ஒரு நாளுக்குக் காத்திருங்கள். அடுக்குமாடி வீட்டின் பார்க்கிங்கில் கழுவப் பெரும்பாலும் விட மாட்டார்கள். நாமே கழுவிக்கொள்ளும் கார் வாஷ் ஊருக்கு ஊர் இருக்கிறது, காசு போட்டால் குழாய் ஓடும். முதலில் துணியைக் கையிலேயே எடுக்காதீர்கள். தண்ணீரை மட்டும் அடியுங்கள், கிரில்லின் இடுக்குகளில் நேரம் எடுத்து. அங்கே ரோட்டில் உப்போடு மணலும் போடுவார்கள். அந்த மணல் இருக்கும்போது துடைத்தால் நீங்கள் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறீர்கள் என்று அர்த்தம். அப்புறம் கார் ஷாம்பு, மென்மையான துணி, மறுபடி தண்ணீர்.

இதற்கும் போகாத வெளுப்புக்குத்தான் வினிகர். கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகர், 5 சதவீதம் என்று போட்டது. சுத்தம் செய்வதற்கென்று 10 சதவீதத்திலும் விற்கிறார்கள், அது வேண்டாம். பாதி வினிகர், பாதி தண்ணீர். அதைக் காரின் மேல் ஊற்றக்கூடாது. மைக்ரோஃபைபர் துணியை நனைத்துப் பிழிந்து, வெளுத்த இடத்தின் மேல் காய்ச்சல்காரன் நெற்றியில் பற்றுப் போடுவதுபோல் ஒட்டிவையுங்கள். ஒன்றிரண்டு நிமிடம் போதும். துணியை எடுக்கும்போது கீழே வெளுப்பு இளகி, ஈரத்தில் மாவு கரைந்ததுபோல் தெரியும். பட்டை ஓடும் திசையிலேயே அழுத்தாமல் ஒரு இழுப்பு. சின்னங்களின் இடுக்குக்குப் பழைய மென்மையான பல்துலக்கும் பிரஷ். உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, காய்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். ஒருமுறையில் போகவில்லை என்றால் இரண்டாம் முறை ஒட்டிவையுங்கள். கை பலத்தைக் காட்ட வேண்டாம்.

பலத்தைக் காட்டியதைச் சொல்கிறேன். முதல் குளிர்காலத்தில் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் கிரில்லைத் தேய்த்தேன். வெளுப்பு போயிற்று. வெயிலில் பார்த்தால் வட்டவட்டமாக ஆயிரம் கீறல். பிளாஸ்டிக் குரோமில் விழுந்த கீறலுக்கு வைத்தியமே இல்லை.

இதையெல்லாம் அந்தப் பையனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா அடுக்களையிலிருந்து, "இதுக்கு ஏன் மக்கா இவ்வளவு பாடு? நிலவிளக்கு தேய்க்கிற மாதிரி புளியும் கதம்பல் நாரும் போட்டா பளிச்சுனு ஆயிடாதா?" என்றாள். அம்மா சொன்னதில் பாதி சரி. புளியிலும் அமிலம்தான் இருக்கிறது, வினிகர் செய்யும் வேலையும் அமிலத்தின் வேலைதான். ஆனால் பித்தளை முழுக்கப் பித்தளை; தேய்ந்தால் கீழேயும் பித்தளை. குரோமின் கீழே வேறு ஆள் இருக்கிறான். புளிக்கோதும் நாரும் அந்த மெல்லிய பூச்சில் கோடு போட்டுவிடும். சாம்பல், சபீனா, எலுமிச்சைத் தோல் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

இன்னொரு எச்சரிக்கை, இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். வினிகரோடு பிளீச்சைக் கலக்கவே கூடாது. குளோரின் வாயு வரும், மூச்சை அடைக்கும். கழுவும் இடம் மூடிய ஷெட்டாக இருந்தால் சொல்லவே வேண்டாம். கொதிக்கும் தண்ணீரையும் ஊற்றாதீர்கள். மைனஸ் குளிரில் நின்ற கண்ணாடியில் பட்டால் விரிசல் விடலாம். வெதுவெதுப்பு போதும்.

இரும்புக் குரோமில் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது உப்புக்கறை இல்லை, துரு. பூச்சில் இருக்கும் நுண்ணிய துளை வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே போய்விட்டது. சமையலறை அலுமினியம் ஃபாயிலைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, புள்ளியின் மேல் மட்டும் லேசாகத் தேய்த்தால் துரு விட்டுப் போகும். அலுமினியம் குரோமைவிட மிருதுவானது, அதனால் பயமில்லை. மாமாவின் பம்பரில் செய்து காட்டினேன். பத்து நிமிடத்தில் ஒரு கை அகலத்துக்கு அவர் முகம் தெரிந்தது. மீதியை நீயே முடித்துவிட்டுப் போ என்று சாக்கையும் ஃபாயிலையும் என் கையில் கொடுத்துவிட்டார். துரு எடுத்த இடத்தில் அன்றைக்கே கார் மெழுகு (வாக்ஸ்) போட வேண்டும், இல்லாவிட்டால் மறு மாதமே திரும்ப வரும். பிளாஸ்டிக் குரோமில் இந்த ஃபாயில் வேலை வேண்டாம்.

இவ்வளவு பாடும் வேண்டாம் என்றால் அக்டோபரிலேயே, பனி விழுமுன், குரோம் பட்டைகளைக் கழுவிக் காயவைத்து நல்ல வாக்ஸ் ஒரு கை பூசிவிடுங்கள். உப்பு வாக்ஸின் மேல் உட்காரும், குரோமின் மேல் இல்லை. பாத்திரம் கழுவும் சோப்பால் காரைக் கழுவினால் அந்த வாக்ஸும் கூடவே போய்விடும். பலரும் சிக்கனம் என்று செய்வது இது. குளிர்காலத்தில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அடிப்பகுதியோடு சேர்த்துக் கழுவுங்கள். கழுவி முடித்ததும் கதவு ரப்பர்களைத் துடைத்து, எல்லாக் கதவையும் இரண்டு முறை திறந்து மூடுங்கள். மறந்தால் மறுநாள் காலை கதவு ஐஸில் ஒட்டிக்கொண்டு திறக்காது. சூடான கராஜில் நிறுத்த இடம் கிடைத்தால் சந்தோஷப்படத் தோன்றும். உப்போடு கொண்டுபோய் நிறுத்தினால் வெளியே உறைந்து சும்மா கிடந்த உப்பு உள்ளே இளகித் துருவேற்றும் வேலையை ஆரம்பித்துவிடும். கழுவிவிட்டு நிறுத்துங்கள்.

வினிகர் மிச்சமிருந்தால் வாசலில் கிடக்கும் பூட்ஸைப் பாருங்கள். அதன் ஓரத்தில் வெள்ளைக் கோடு ஓடியிருக்கும். அதே ரோட்டு உப்பு, அதே பாதிக்குப் பாதி கரைசல், அதே துணி.

தேமல் விழுந்த என் இரண்டாவது காரைக் கேட்பீர்கள். ஜன்னல் பட்டை முழுக்கக் கறுப்பு வினைல் ஒட்டிவிட்டேன். பார்க்கிறவர்கள் அதுதான் இப்போது ஸ்டைல் என்கிறார்கள். நான் மறுப்பதில்லை.