பழைய பொருள் தேடும்போது 'ஆன்டிக்' என்று தேடாதீர்கள்

சென்னை வில்லிவாக்கத்தில் ஒருவர் வீட்டைக் காலி செய்கிற அவசரத்தில், பழைய பொருள் விற்கும் இணையதளம் ஒன்றில் 'ஓல்ட் வெசல்ஸ்' என்று நான்கு படம் போட்டிருந்தார். மூன்றாவது படத்தில், பிளாஸ்டிக் வாளிக்குப் பின்னால், கழுத்து ஒடுங்கி வயிறு பெருத்த ஒரு வெண்கலப் பானை. பதினொரு நாளாக அந்த விளம்பரத்தை யாரும் சீண்டவில்லை. அதே வாரம் 'ஆன்டிக்' என்ற சொல்லைப் போட்டுத் தேடிய எனக்கு வந்ததெல்லாம் புதிதாக வார்த்துப் பழுப்பேற்றிய பித்தளைதான்.

பழைய பொருள் தேடுகிறவர்கள் செய்கிற முதல் தவறு இங்கேதான். நமக்குத் தெரிந்த பெயரில் தேடுகிறோம். விற்கிறவரோ பெரும்பாலும் அதைப் புழங்கியவரே இல்லை. பாட்டி வைத்திருந்தார், பாட்டி போய்விட்டார், பேரன் படம் எடுத்துப் போடுகிறான். அது அஞ்சறைப் பெட்டி என்றோ மரக்கால் என்றோ அவனுக்குத் தெரியாது. 'வுட்டன் பாக்ஸ்', 'பிராஸ் கப்' என்றுதான் எழுதுவான். அவன் கண்ணுக்கு அந்தப் பொருள் எப்படித் தெரியும் என்று யோசித்து அந்தச் சொல்லைப் போடுங்கள். ஒரே மரத்தை ரோஸ்வுட் என்பார்கள், ஈட்டி என்பார்கள், நூக்கு என்பார்கள், தோதகத்தி என்பார்கள், நான்கையும் தேடுங்கள். எழுத்துப் பிழையோடும் ஒருமுறை தேடிவிடுங்கள். தேக்கை ஆங்கிலத்தில் காதில் விழுந்தபடி எழுதுகிறவர்கள் ஏராளம், அந்த விளம்பரங்களுக்குப் போட்டி குறைவு.

தேடும் எல்லையைச் சென்னையோடு நிறுத்திக்கொள்வதும் இழப்புதான். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், புதுச்சேரி வரை விரித்துப் பாருங்கள். மாதமும் முக்கியம். ஆடியிலும் மார்கழியிலும் நம் மக்கள் வீடு மாற்ற மாட்டார்கள் என்பதால், ஆனிக் கடைசியிலும் கார்த்திகைக் கடைசியிலும் காலி செய்கிறவர்களின் சாமான்கள் குவியும். போகிக்கு முந்தைய வாரமும் அப்படித்தான். நாம் பார்க்காவிட்டால் அவை எடைக்குப் போய்விடும்.

அடுத்த தவறு, விற்பவர் எழுதியிருக்கும் சொல்லை நம்புவது. 'நூறு வருஷப் பழசு' என்று எழுத ஒரு நொடி போதும். நாய் படம் ஒட்டி, பித்தளைப் புனல் பளபளக்கும் கிராமஃபோன்கள் இணையமெங்கும் கிடைக்கின்றன. பெரும்பாலும் அவை பல இயந்திரங்களின் பாகங்களைக் கோத்துச் செய்த புதுச் சரக்கு. நம் வீடுகளில் அதிகம் புழங்கியது, புனல் வெளியே நீட்டாமல் சூட்கேஸ் மாதிரி மூடுகிற பெட்டி வகை. 'லண்டன்' என்று பொறித்த பித்தளைத் தொலைநோக்கிகளும் திசைகாட்டிகளும் ரூர்க்கியிலும் மொராதாபாத்திலும் இன்றைக்கும் தயாராகின்றன. அழகுக்கு வாங்கினால் குற்றமில்லை, பழமைக்கு விலை கொடுக்காதீர்கள். 1818 என்று பொறித்து, ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ, மறுபக்கம் 'யு.கே.எல். ஒன் அணா' என்று வரும் காசை லட்சக்கணக்கில் விலை சொல்வார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அப்படியொரு நாணயம் அடித்ததே இல்லை. உங்களிடம் இருக்கும் பழைய நோட்டை ரிசர்வ் வங்கி வழியாக விற்றுத் தருகிறேன், முன்கட்டணம் கட்டுங்கள் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். இப்படி எந்த வியாபாரமும் தாங்கள் செய்வதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

ஓவியர் ரவிவர்மாவின் அச்சுப் படம் பழசுதானா என்று பார்க்க ஒரு பூதக்கண்ணாடி போதும். அவர் அச்சகம் 1894-ல் பம்பாயில் தொடங்கியது. கல்லில் வரைந்து அச்சிடும் அந்தக் காலக் கல்லச்சில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல், கையால் தெளித்ததுபோல் இருக்கும். வரிசை வரிசையாக, பூ வடிவில் புள்ளிகள் கோத்து நின்றால் அது இந்தக் காலத்து அச்சு. விற்பவரிடம் மிக அருகில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னால் வீட்டிலிருந்தே ஓரளவு தெரிந்துவிடும்.

மர சாமானை மட்டும் படத்தைப் பார்த்து வாங்கவே வாங்காதீர்கள். ஜாபர்கான்பேட்டையில் ஒரு தேக்கு பீரோ பார்க்கப் போயிருந்தேன். படத்தில் குறையே தெரியவில்லை. நேரில் கீழ் இழுப்பறையை உருவி எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். காலிலிருந்து மூன்று சாண் உயரத்தில், உள்பக்கம் முழுக்க, சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. பின்பலகை அந்தக் கோட்டுக்குக் கீழே மட்டும் உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. "அம்மா, இது தண்ணியில நின்னுதா?" என்று கேட்டேன். "ஆமாப்பா, பதினஞ்சாம் வருஷ வெள்ளத்துல மூணு நாள் நின்னுச்சு. அப்புறம் பாலிஷ் போட்டோம்" என்றார் அந்த அம்மா, எதையும் மறைக்காமல். கேட்காமல் வாங்கி வந்திருந்தால் என் தவறாகியிருக்கும். இந்த ஊரில் 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் பார்த்த மர சாமான்கள் நிறைய. அடிப்பாகத்தையும் முதுகையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், தயங்கினால் விட்டுவிடுங்கள். குண்டூசித் தலையளவு துளைகளும் அவற்றின் கீழே மைதா மாதிரி மாவும் இருந்தால் உளு என்னும் மரப்புழு இன்னும் உயிரோடு வேலை செய்கிறது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் மற்ற மரத்துக்கும் தொற்றும்.

பழைய கேமராவுக்கும் நம் ஊர்க் காற்றின் ஈரம்தான் எமன். லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி நூல் போல மெல்லிய கிளைகள் தெரிந்தால் பூஞ்சை படர்ந்துவிட்டது.

அடுப்படிச் சாமானில் எனக்குப் பெரிய கவலை ஈயச்சொம்புதான். ரசத்துக்குரிய சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. அதில் விலை மலிவான காரீயத்தைக் கலந்தால் அது நேரே உடம்புக்குள் போகும் நஞ்சு. காரீயம் வெள்ளைத் தாளில் தேய்த்தால் பென்சில் மாதிரி சாம்பல் கோடு இழுக்கும். ஆனால் கோடு விழவில்லை என்பதற்காகக் கலப்பே இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. யார் வீட்டிலிருந்து, எந்தக் கடையிலிருந்து வந்தது என்று தெரியாத ஈயச்சொம்பை அலமாரியில் வையுங்கள், அதில் ரசம் வைக்காதீர்கள். பித்தளைக்கு ஒரு காந்தம் கொண்டுபோங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு. எடை எவ்வளவு என்று முதலில் கேட்டு, அன்றைய பித்தளை விலையோடு ஒப்பிட்டால் 'ஆன்டிக்' என்ற சொல்லுக்காக எவ்வளவு கூடுதலாகக் கேட்கிறார்கள் என்பது விளங்கும்.

கையில் தொட்டுப் பார்க்காமலே தேடத் தொடங்குவதும் தவறு. 1985-ல் எரிந்துபோகும்வரை, சென்னை சென்ட்ரல் பக்கத்தில் பழைய பொருள் விற்ற மூர் மார்க்கெட் அந்தப் பழக்கத்தைத் தந்தது. இப்போது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை இருக்கிறது. நான்கு வெள்ளிக்கிழமை போய் எடுத்துப் பாருங்கள், தட்டிப் பாருங்கள், விலை கேளுங்கள். அதன்பிறகு படத்தைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

இரண்டு வகைப் பொருட்களிடமிருந்து விலகியே இருங்கள். கோயில் சிலை போல் தெரியும் எதுவும் முதல் வகை. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு கடந்த சிற்பமும் ஓவியமும் தொல்பொருள், சுவடிக்கு 75 ஆண்டு. பழைய கல், உலோகச் சிலைகளுக்குப் பதிவுச் சான்று இருக்க வேண்டும். வியாபாரம் செய்கிறவருக்கு உரிமம் இருக்க வேண்டும். ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜர் ஆஸ்திரேலியா வரை போய் 2014-ல்தான் திரும்பினார். அப்படி எந்த ஊர்ச் சாமி உங்கள் கைக்கு வருகிறது என்று உங்களுக்குத் தெரியாது. இரண்டாவது, யானைத் தந்தமும் புலிநகமும். தாத்தா காலத்துச் சங்கிலியில் கோத்த புலிநகமானாலும் விற்பதும் வாங்குவதும் குற்றம்.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொருளைப் பார்க்காமல் முன்பணம் வேண்டாம். 'ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிவிட்டது, லாரியில் அனுப்புகிறேன்' என்கிற கதைக்கு மயங்காதீர்கள். நீங்கள் விற்கும்போது, பணம் பெற யூபிஐ பின் போடவே தேவையில்லை. க்யூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே இணையக் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

கடைசியாக, முதல் செய்தியே 'லாஸ்ட் ப்ரைஸ் என்ன?' என்று அனுப்பாதீர்கள். பாதிப் பேர் பதிலே போட மாட்டார்கள். வில்லிவாக்கத்துக்காரருக்கு நான் எழுதியது இதுதான்: "சார், மூணாவது படத்துல இருக்கிற பானையை ஒரு கரண்டியால தட்டி, சத்தத்தைக் கொஞ்சம் ரெக்கார்டு பண்ணி அனுப்ப முடியுமா?" வெண்கலம் கணீரென்று நின்று ஒலிக்கும், விரிசல் இருந்தால் சொத்தென்று அடங்கிவிடும். அரைமணி நேரத்தில் ஒலி வந்தது. கூடவே, "எங்க பாட்டி இதுலதான் பொங்கல் வைப்பாங்க" என்று எழுதியிருந்தார். மறுநாள் காலையில் போய் எடுத்து வந்தேன்.