மூட்டம் போட்டால் நிழல்வலையைச் சுருட்டுங்கள்

வானம் இரண்டு நாளாக மூட்டமாகவே இருந்தால், மாடித்தோட்டத்து நிழல்வலையை ஓரமாகச் சுருட்டி வையுங்கள். 50 சதவீத வலை வருகிற வெளிச்சத்தில் பாதியைத் தடுத்துவிடும். மேகம் ஏற்கெனவே நிறையக் குறைத்திருக்கும். மிச்சம் போதாமல் தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகள் வெளிறி, நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்துவிடும். அப்படி நீண்ட தண்டு திரும்பக் குட்டையாகாது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். தண்ணீரையும் குறையுங்கள், மண் சீக்கிரம் காயாது.

கனமழை என்றால் வலை இருக்கட்டும், துளிகளின் வேகத்தை அது தாங்கிக்கொள்ளும். வெற்றிலை, ஆந்தூரியம் போன்ற நிழல் செடிகளுக்கு மேலிருக்கும் வலையை மூட்டத்திலும் சுருட்ட வேண்டாம். அப்புறம், வெயில் திரும்பிய அன்றே வலையை விரித்துவிடுங்கள். மூட்டத்தில் வந்த இளந்தளிர் சட்டென்று கருகும்.