புதிய லினக்ஸ் பதிப்பை வெளியிடும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 டிசம்பர் 9, சனிக்கிழமை. டெபியன் என்ற லினக்ஸ் டிஸ்ட்ரோவில் (லினக்ஸையும் மென்பொருள்களையும் சேர்த்துக் கட்டிய தொகுப்பில்), 12-ஆம் பதிப்பின் மூன்றாவது திருத்தமான 12.3 வெளிவர வேண்டிய நாள். பேக்கேஜ்கள் (நிறுவத் தயாரான மென்பொருள் பொதிகள்) மிரர்களுக்கு, அதாவது பதிவிறக்க நகல் தளங்களுக்கு, போய்விட்டன. நிறுவல் வட்டுக்கான இமேஜ் தயாரிக்கும் வேலை நடக்கும்போதுதான் விஷயம் தெரிந்தது: உள்ளே இருக்கும் 6.1.64 கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), இஎக்ஸ்டி4 என்ற கோப்பமைப்பில் தரவைக் கெடுக்கக்கூடியது. உடனே இமேஜ் வேலையை நிறுத்தினார்கள். இப்போதைக்கு யாரும் அப்டேட் செய்யாதீர்கள் என்று அறிவித்தார்கள். மறுநாளே திருத்திய கெர்னலோடு புதிய பதிப்பு வந்தது. அதன் எண் 12.3 அல்ல, 12.4.

எண்ணை ஏன் மாற்றினார்கள்? 12.3 என்ற பெயரோடு சில கணினிகளில் பழுதான கெர்னல் ஏற்கெனவே ஏறியிருக்கும். அதே பெயரில் நல்லதையும் விட்டால், "நான் 12.3-இல் இருக்கிறேன்" என்று ஒருவர் சொல்லும்போது அவரிடம் இருப்பது எது என்று யாருக்கும் தெரியாது. எண்ணுக்குக் காசா பணமா? ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சிறிய டிஸ்ட்ரோக்களில் இன்றும் நடப்பது வேறு: பழுதான ஐஎஸ்ஓவை (நிறுவல் இமேஜ் கோப்பை) எடுத்துவிட்டு, அதே பெயரில் புதியதைச் சத்தமில்லாமல் வைத்துவிடுவது. செய்யவே கூடாத வேலை அது.

அந்தக் கெர்னல் கெட்ட கதையும் கேட்க வேண்டியது. புதிய கெர்னலில் செய்த ஒரு திருத்தத்தை நீண்டகால ஆதரவு பெறும் பழைய கிளைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தத் திருத்தம் சரியாக வேலை செய்ய அதற்கு முந்தைய இன்னொரு மாற்றமும் வேண்டும். அது மட்டும் கூட வரவில்லை. புதிய கிளையில் எந்தப் பிழையும் இல்லை, பழைய கிளையும் அதுவரை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒட்டிய இடத்தில்தான் கோளாறு.

டிஸ்ட்ரோ வேலையே அப்படிப்பட்டதுதான். சொந்தமாக எழுதும் நிரல் கொஞ்சம். பெரும்பகுதி, ஊரார் நெய்த துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கும் வேலை. கிழிந்தால் பெரும்பாலும் தையலில்தான் கிழியும்.

புரியாத வரியில் கை வைப்பது

இதற்கு டெபியனே கொடுத்த பெரிய விலை ஒன்று உண்டு. 2006-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தின் பேக்கேஜைப் பராமரித்தவர், வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கைகளை நிறுத்த இரண்டு வரிகளை நீக்கினார். மதிப்பு நிரப்பாத நினைவகத்தைப் படிப்பதாக அந்தக் கருவி சொன்னது. அந்த வரிகளில் ஒன்றை எடுத்தால் பாதகம் இல்லை. மற்றொன்று, ரேண்டம் எண் உருவாக்கும் இடத்தில் புற உலகிலிருந்து வரும் கணிக்க முடியாத தரவையெல்லாம் கலக்கும் வரி. அது போனதும், கலவையில் மிஞ்சிய ஒரே மாறும் பொருள் அந்த நிரலின் பிராசஸ் எண்தான் (ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் கணினி தரும் எண்). அன்றைய லினக்ஸில் அது 32,768-ஐத் தாண்டாது.

அதாவது ஒரு குறிப்பிட்ட வகைக் கணினியில், ஒரு குறிப்பிட்ட நீளத்தில் உருவாக்கிய எஸ்எஸ்எச் சாவி (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவதற்கான சாவி) எதுவானாலும் அது முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒன்று. எல்லாவற்றையும் முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். 2008 மே 13 அன்று எச்சரிக்கை வெளிவரும் வரை, ஏறத்தாழ இருபது மாதங்கள், இது யார் கண்ணிலும் படவில்லை. டெபியனை அடித்தளமாகக் கொண்ட உபுண்டுவும் சேர்ந்து மாட்டியது. பேக்கேஜைத் திருத்தினால் மட்டும் போதவில்லை. அந்தக் காலத்தில் உருவாக்கிய சாவிகளையெல்லாம் தூக்கி எறிய வேண்டியிருந்தது.

அவர் கேட்காமல் செய்தார் என்றும் சொல்ல முடியாது. ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலாளர்கள் பேசும் இடத்தில் கேட்டார்; எடுக்கலாம் என்ற மாதிரி பதிலும் வந்தது. ஆனால் பேட்ச் (நிரல் திருத்தம்) முழுவதையும் மூல நிரலாளர்களுக்கு அனுப்பி, அவர்கள் அதைத் தங்கள் நிரலில் ஏற்கும்வரை காத்திருக்கவில்லை. "இப்படிச் செய்யலாமா?" என்று கேட்பது வேறு, "இதோ பேட்ச், சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கொடுப்பது வேறு. இரண்டாவதில்தான் எதிரில் இருப்பவர் ஒவ்வொரு வரியாகப் படிப்பார். டிஸ்ட்ரோவுக்குள் மட்டும் வாழும் பேட்சுகளின் பட்டியல் நீண்டுகொண்டே போனால், அது கவலைப்பட வேண்டிய அறிகுறி.

ஃப்ரீஸ்: தாமதமாக, அரைமனதாக

வெளியீட்டுக்குச் சில மாதங்கள் முன்பு புதியது எதையும் உள்ளே விடாமல், இருப்பதை மட்டும் சரிசெய்யும் காலத்தைத்தான் ஃப்ரீஸ் என்கிறோம். டெபியன் இதைப் படிப்படியாக இறுக்கும். முதலில் நூலகங்களைப் பெரிய அளவில் மாற்றுவது நிற்கும், பிறகு புதிய பேக்கேஜ்கள் நிற்கும், கடைசியில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் வெளியீட்டுக் குழுவின் அனுமதி வேண்டும்.

இங்கே வழக்கமான தவறு, "இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடலாமே" என்பது. அந்த ஒன்று இன்ஸ்டாலராக இருந்தால் தீர்ந்தது. இன்னொரு டிஸ்ட்ரோவான ஃபெடோரா 18-இல் அனகோண்டா இன்ஸ்டாலரைப் பெருமளவு திருப்பி எழுதினார்கள். 2012 நவம்பரில் வர வேண்டியது, தள்ளித் தள்ளி 2013 ஜனவரி 15-இல் வந்தது. டெபியன் 3.0 வந்தது 2002 ஜூலையில்; இன்ஸ்டாலரையே புதிதாக எழுதிய 3.1 வந்தது 2005 ஜூனில். மூன்று வருட இடைவெளியில், நிலையான பதிப்பை வைத்திருந்தவர்கள் புதிதாக வாங்கிய வன்பொருளோடு பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல.

தள்ளிப்போடுவதை நான் தவறென்று சொல்லவில்லை. உபுண்டு 2006 ஏப்ரலில் வர வேண்டிய பதிப்பை ஜூனுக்குத் தள்ளி, எண்ணையும் 6.06 என்று நேர்மையாக மாற்றியது. அது அவர்களின் முதல் நீண்டகால ஆதரவுப் பதிப்பு. ஆறு வாரம் காத்தது நல்ல முடிவு. தேதியைப் பிடித்துக்கொண்டு தரத்தை விடுவதும் தவறு, எல்லாம் கூடிவரட்டும் என்று தேதியே இல்லாமல் உட்கார்ந்திருப்பதும் தவறு.

கடைசி நேரத்தில் "இந்தப் புதிய பதிப்பைச் சேருங்கள்" என்று வெளியிலிருந்து யாராவது நெருக்கினால், 2024-க்குப் பிறகு இன்னும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. எக்ஸ்இசட் சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசிய நுழைவழி) வைத்தவர்கள், ஃபெடோரா 40, உபுண்டு 24.04 ஆகியவை வெளிவரும் முன்பே உள்ளே புகுந்துவிடத்தான் அவசரப்படுத்தினார்கள். எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் மார்ச் 29 அன்று வெளிப்படுத்தாமல் இருந்திருந்தால் புகுந்தும் இருப்பார்கள். பின்கதவை இயக்கிவிடும் துண்டு எல்லாரும் மாற்றங்களைப் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியிட்ட டார் கோப்பில் (மூல நிரலின் பொதியில்) மட்டும்தான் இருந்தது. டார் கோப்பை அப்படியே எடுத்துக் கட்டும் பழக்கம் பல டிஸ்ட்ரோக்களில் அன்று கேள்வியில்லாமல் நடந்துவந்தது. டெபியனின் நிலையான பதிப்பு பழைய 5.4-இல் இருந்ததால் தப்பியது.

சோதித்தது ஒன்று, வெளியிட்டது வேறொன்று

மேலே சொன்ன டெபியன் 3.1, மூன்று வருடம் காத்து வெளிவந்த அன்றே சறுக்கியது. சிடி இமேஜில் இருந்த ரிலீஸ் கோப்பு, பதிப்பை இன்னும் "டெஸ்டிங்" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. விளைவு, அந்த சிடியிலிருந்து நிறுவினால் பாதுகாப்பு அப்டேட்டுக்கான வரி செயலற்றுப் போனது. கணினி நன்றாக ஓடும், ஆனால் பாதுகாப்புத் திருத்தம் ஒன்றுகூட வராது. இந்த வகைப் பிழை, சோதனைக் காலம் முழுவதும் "டெஸ்டிங்" என்பதே சரியாக இருப்பதால், கடைசி இமேஜை நிறுவிப் பார்த்தால்தான் சிக்கும்.

வன்பொருள் கதை இதைவிடக் கொடுமை. 2003-இல் வந்த மாண்ட்ரேக் என்ற டிஸ்ட்ரோவின் 9.2-ஐ நிறுவியபோது சில எல்ஜி சிடி டிரைவ்கள் செத்தே போயின. கெர்னல் அனுப்பிய சாதாரணக் கட்டளை ஒன்றை, அந்த டிரைவ்கள் "புதிய ஃபர்ம்வேர் வருகிறது" என்று எடுத்துக்கொண்டன (ஃபர்ம்வேர் என்பது சாதனத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்). தப்பு டிரைவின் மேல்தான். ஆனால் டிரைவை இழந்தவருக்கு அந்த நியாயத்தால் என்ன பயன்? 2017 அக்டோபரில் வந்த உபுண்டு 17.10-இல் இன்டெல் எஸ்பிஐ டிரைவரை இயக்கி வைத்ததால் சில லெனோவோ மடிக்கணினிகளின் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் ஃபர்ம்வேர்) பழுதானது. டிசம்பரில் பதிவிறக்கத்தையே நிறுத்திவிட்டு, ஜனவரியில் 17.10.1 என்று திரும்ப விட்டார்கள். பெரும்பாலானோருக்குத் தேவையில்லாத டிரைவர், வன்பொருளுக்குள் எழுதும் வல்லமை உள்ளது என்றால், இயல்பாக அணைந்தே இருக்கட்டும்.

பழைய வீட்டிலிருந்து வருபவர்கள்

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இருபது கணினிகளை அடுத்த பதிப்புக்கு ஏற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. முந்தைய வாரமே விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் ஓடும் போலிக் கணினியில்) செய்து பார்த்திருந்தேன், வழுக்கிக்கொண்டு போனது. ஆய்வகத்தில் ஏழு கணினிகள் பாதியில் நின்றன. அவற்றில் பூட் பார்ட்டிஷன் (கெர்னல் கோப்புகள் இருக்கும் வட்டுப் பகுதி) எப்போதோ போட்ட 200 எம்பி. இரண்டு பழைய கெர்னல்கள் அதை அடைத்துக்கொண்டிருக்க, புதியதற்கான இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு (கணினி தொடங்கும்போது தேவைப்படுவது) பாதி எழுதும்போது "இடமில்லை" என்று நின்றுவிட்டது. என் விர்ச்சுவல் மெஷினில் பூட்டுக்குத் தனிப் பார்ட்டிஷனே கிடையாது.

புதிதாக நிறுவுவதை மட்டும் சோதிப்பவர்கள் எல்லாரும் ஒருநாள் இங்கே வந்து சேர்வார்கள். நான்கு வருடம் ஓடிய கணினி என்றால் கையால் திருத்திய அமைப்புக் கோப்புகள் இருக்கும், எங்கிருந்தோ ஏற்றிய பேக்கேஜ்கள் இருக்கும். அமைப்புக் கோப்பை மாற்றட்டுமா என்று, பேக்கேஜ்களை நிறுவும் கருவியான டிபிகேஜி கேட்கும்போது என்டரை அழுத்தினால் பழையதே நிற்கும். பலர் யோசிக்காமல் அதைத்தான் செய்வார்கள். அந்தப் பழைய கோப்போடு புதிய சேவை எழுந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். டெபியன் 13-இன் வெளியீட்டுக் குறிப்பு, பூட் பார்ட்டிஷன் 768 எம்பியாவது இருக்கட்டும், 300 எம்பி காலியாக இருக்கட்டும் என்று முன்கூட்டியே சொல்கிறது. இப்படி எண்ணோடு எழுதினால்தான் குறிப்பு உதவும். "போதிய இடம் தேவை" என்பதைப் படித்து யாரும் எழுந்துபோய்ப் பார்ப்பதில்லை.

மொழிபெயர்ப்பாளர்களை மறந்துவிடுவதும் இதே வகைதான். டெபியன் இன்ஸ்டாலரில் தமிழ் உண்டு, ஆனால் வரைகலை முறையில் மட்டும். படமில்லாத உரைமுறைத் திரை நம் எழுத்தைக் காட்டாது. ஆங்கில வாசகங்களை இனி மாற்ற மாட்டோம் என்று ஒரு தேதியை அறிவித்துவிட்டு, அதற்குப் பிறகும் ஒரு நிரலாளர் காற்புள்ளியைத் திருத்தினால், மொழிபெயர்த்த வரி பொருந்தாமல் போய்விடும். தமிழ்த் திரைக்கு நடுவே ஒற்றை ஆங்கில வாக்கியம் முழித்துக்கொண்டு நிற்கும்.

சாவியும் பூட்டும் ஒரே ஆணியில்

2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள், 17.3 சின்னமன் பதிப்பின் பதிவிறக்க இணைப்பைப் பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். ஐஎஸ்ஓவும் அதைச் சரிபார்க்கும் ஹேஷ் எண்ணும் ஒரே தளத்தில் இருந்தால், உள்ளே வந்தவர் இரண்டையும் மாற்றிவிடலாம். ஹேஷ் கோப்பில் ஜிபிஜி என்ற டிஜிட்டல் கையொப்பம் வேண்டும், கையொப்பமிடும் சாவி அந்த சர்வரில் இருக்கவே கூடாது.

கடைசியாக ஆதரவுக் காலம். சர்வர்களில் ஓடும் டிஸ்ட்ரோவான சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை அப்டேட் வரும் என்று நம்பிப் பலர் சர்வர்களை மாற்றினார்கள். 2020 டிசம்பர் 8 அன்று ஒரு அறிவிப்பு வந்தது: 2021 டிசம்பர் 31-ஓடு சரி. அந்தக் கோபத்தில் பிறந்தவைதான் ராக்கி லினக்ஸும் அல்மாலினக்ஸும். காப்பாற்ற முடிந்த காலத்தை மட்டும் சொல்லியிருந்தால் இவ்வளவு பேர் விட்டுப் போயிருக்க மாட்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், 8-க்கு மாறச் சோம்பல்பட்டு 7-இலேயே கிடந்தவர்களுக்கு 2024 ஜூன் 30 வரை அப்டேட் வந்துகொண்டிருந்தது.